இரு கடல், ஒரே கையெழுத்து

மதுரையிலிருந்து கொல்லம் போகும் நெடுஞ்சாலை கிருஷ்ணன்கோவிலைத் தொட்டு, ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம், தென்காசி வழியாகச் செங்கோட்டையைத் தாண்டி மலையேறுகிறது. அந்தச் செங்கோட்டை தமிழ்நாட்டோடு இணைந்த நாள் 1956 நவம்பர் 1. எல்லைப் போராட்டத் தியாகிகளை ஆண்டுதோறும் அன்று நினைவுகூர்கிறோம். ஆனால், அதே நாளில் நம்மிடமிருந்து பிரிந்துபோன ஒரு நிலத்தைப் பற்றிப் பேசுவோர் குறைவு. அன்றுவரை லட்சத்தீவு சென்னை மாநிலத்தில்தான் இருந்தது. அமினித் தீவுகள் தென் கன்னட மாவட்டத்திலும், கவரத்தி, ஆந்த்ரோத், மினிக்காய் முதலியவை மலபார் மாவட்டத்திலும் அடங்கியிருந்தன. மாநிலங்கள் மொழிவாரியாகப் பிரிந்தபோது தில்லி அந்தத் தீவுகளைக் கேரளத்துக்கும் தரவில்லை, மைசூருக்கும் தரவில்லை, தன்னிடமே வைத்துக்கொண்டது. வங்கக் கடலில் கிடக்கும் அந்தமான் நிக்கோபாரும் அதே தேதியில் யூனியன் பிரதேசமானது.

ஆக, இரண்டு தீவுக்கூட்டங்களுக்கும் ஒரே பிறந்தநாள். எழுபது ஆண்டுகளை நெருங்கும் இவ்வேளையில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒன்று பளிச்சென்று தெரிகிறது. மண் வேறு, தண்ணீர் வேறு, பிழைப்பு வேறு, மக்கள் வேறு. ஆளும் முறை மட்டும் அச்சு அசலாக ஒன்று. சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது.

அந்தமான் நிக்கோபார், பர்மாவின் அரக்கன் மலைத்தொடர் கடலுக்குள் இறங்கி மீண்டும் தலைகாட்டும் இடம். மொத்தப் பரப்பு 8,249 சதுர கிலோமீட்டர்; நம் விருதுநகர் மாவட்டத்தைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. வட அந்தமானில் சேடில் சிகரம் 700 மீட்டருக்கு மேல் நிற்கிறது. பேரன் தீவில் எரிமலை இன்னும் புகைகிறது. நிலத்தில் ஐந்தில் நான்கு பங்கு காடு. சென்னையிலிருந்து கப்பலேறினால் தலைநகர் போர்ட் பிளேர் சேர மூன்று நாள். அந்த ஊருக்கு 2024இல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றினார்கள். தெற்கு முனையான இந்திரா முனைக்கு இந்தோனேசியாவின் அச்சே மாகாணம் இருநூறு கிலோமீட்டருக்குள் வந்துவிடும்.

லட்சத்தீவுக்கு மலையும் இல்லை, ஆறும் இல்லை. 36 தீவுகளையும் சேர்த்தாலும் 32 சதுர கிலோமீட்டர்தான். பவளப் பூச்சிகள் காலங்காலமாகக் கட்டிய திட்டுகளின் மேல் ஒதுங்கிய வெண்மணல். கடல்மட்டத்துக்கு மேல் சில மீட்டர் உயரம். மேற்குத் தொடர்ச்சி மலையைப் பார்த்தே கண் விழிக்கிற ராஜபாளையத்துக்காரர்களுக்கு இப்படியொரு நிலத்தைக் கற்பனை செய்வதே கடினம். மக்கள் வாழும் தீவுகள் பத்து. 2011 கணக்கெடுப்பின்படி 64,473 பேர். ராஜபாளையம் நகராட்சியில் பாதி. ஆனால் நெருக்கம், சதுர கிலோமீட்டருக்கு இரண்டாயிரத்துக்கு மேல். அந்தமானில் அது வெறும் 46.

இந்த வேறுபாடு ஒரு குடம் தண்ணீரில் எப்படித் தெரிகிறது என்று பாருங்கள். பவளத்தீவில் பெய்யும் மழை மணலுக்குள் இறங்கி, கீழே ஊறி நிற்கும் கடல்நீரின் மேல் எண்ணெய் மிதப்பதுபோல் மெல்லிய நன்னீர்ப் படலமாக மிதக்கிறது. தீவுக்காரர்களின் கிணறுகள் எல்லாம் அந்தப் படலத்தைத் தொட்டு நிற்பவைதான். வாளியில் இறைத்தவரை வம்பில்லை. மோட்டார் வைத்து உறிஞ்சினால் அடியிலிருந்து உப்பு ஏறிவிடும். ஏறிய உப்பு எளிதில் இறங்காது. ஆயிரம் அடிக்குக் குழாய் இறக்கியும் தண்ணீர் காணாத நம் மானாவாரிக் காட்டு விவசாயிக்கு இந்தப் பயம் உடனே புரியும். இங்கே ஆழத்துக்குப் போகப்போக ஒன்றுமில்லை. அங்கே ஆழத்துக்குப் போனால் கடல்.

இதற்கு ஒரு வழியைக் கண்டவர்கள் சென்னைப் பள்ளிக்கரணையில் இருக்கும் தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனத்தினர். தீவை ஒட்டியே கடல் கிடுகிடுவென்று ஆழமாகிவிடுவதால், முந்நூறு மீட்டருக்குக் கீழிருந்து குளிர்ந்த நீரைக் குழாயில் மேலே கொண்டுவருகிறார்கள். வெதுவெதுப்பான மேல்மட்டக் கடல்நீரைக் காற்றழுத்தம் குறைந்த கலத்துக்குள் விட்டால் ஒரு பகுதி ஆவியாகும். அந்த ஆவியை ஆழத்துக் குளிர்நீரால் குளிரவைத்தால் நல்ல தண்ணீர். கவரத்தியில் 2005இல் தொடங்கிய முதல் நிலையத்தின் திறன் நாளொன்றுக்கு ஒரு லட்சம் லிட்டர். பின்னர் மினிக்காய்க்கும் அகத்திக்கும் வந்தது. நிலத்தின் இயல்பறிந்து செய்த வேலை இது. தீவு நிர்வாகமும் இதே பாங்கில் நடந்திருந்தால் இந்தக் கட்டுரைக்கே தேவை இருந்திருக்காது.

பிழைப்புக்கு வருவோம். லட்சத்தீவுக்குத் தென்னையும் சூரை மீனும்தான் எல்லாம். தூத்துக்குடி, ராமநாதபுரம் பக்கம் மணக்கும் மாசிக் கருவாடு மினிக்காய்க்காரர்களின் கைவேலை. பவளத்திட்டுக்குள் அடங்கிய உள்கடலின் சிறு மீன்களை வலையில் பிடித்து, படகின் தொட்டியிலேயே உயிரோடு வைத்துக்கொண்டு வெளிக்கடலுக்குப் போகிறார்கள். சூரைக் கூட்டத்தைக் கண்டதும் அவற்றை அள்ளி வீசி, மேலே தண்ணீரைத் தெளித்து, தூண்டிற் கழியால் ஒவ்வொன்றாகத் தூக்கிப் படகில் போடுகிறார்கள். வலையைப் போட்டு வாரி எடுப்பது இல்லை. வேண்டாத மீன் சாவதும் இல்லை. கரைக்கு வந்ததும் தலையும் குடலும் நீக்கி, துண்டம் போட்டு, உப்புநீரில் அவித்து, புகைபோட்டு, வெயிலில் காயவைக்கிறார்கள். நன்றாகக் காய்ந்த மாசியைச் சீவித்தான் சமைக்க முடியும், மாதக்கணக்கில் கெடாது. உள்கடலைத் தோண்டினாலோ, பவளம் வெளுத்துச் செத்தாலோ இரைமீன் போய்விடும். இரைமீன் போனால் சூரை இல்லை, மாசியும் இல்லை. 1998இல் கடல் சூடேறிப் பவளங்கள் பெருமளவில் வெளுத்ததை அந்தத் தலைமுறை கண்ணால் கண்டிருக்கிறது.

அந்தமானின் பொருளாதாரம் வேறு தினுசு. அரசு வேலை, சுற்றுலா, பாக்கு, தேங்காய், கட்டட வேலை. முன்பு மரமே பெரிய வருவாய்; சாத்தம் தீவின் மர அறுவை ஆலை 1883இலேயே வந்துவிட்டது. 2002இல் உச்ச நீதிமன்றம் காடு வெட்டுவதற்குக் கடிவாளம் போட்ட பிறகு அந்த வழி குறுகிவிட்டது. இப்போது சுற்றுலாவும் மத்திய அரசு அனுப்பும் பணமும்தான் கைகொடுக்கின்றன.

மக்களைப் பற்றிய கணக்குதான் எனக்கு எல்லாவற்றிலும் முக்கியமாகப் படுகிறது. லட்சத்தீவில் ஏறக்குறைய 95 சதவீதத்தினர் பட்டியல் பழங்குடியினர். மலையாளத்தின் கிளைவழக்கான ஜெசரியையும், மினிக்காயில் மாலத்தீவு மொழியோடு உறவுள்ள மஹலையும் பேசும் முஸ்லிம்கள். சொத்து தாய்வழியில் இறங்கும் பழக்கம் இன்னும் முற்றாக அழியவில்லை. ஊர் அவர்களுடையது, வெளியார் அனுமதி வாங்கித்தான் போக முடியும்.

அந்தமானில் நிலைமை தலைகீழ். 3 லட்சத்து 80 ஆயிரம் பேரில் பழங்குடியினர் 7.5 சதவீதம். மற்றவர்கள் எல்லோரும் குடியேறியவர்கள்: நாடு கடத்தப்பட்ட கைதிகளின் வாரிசுகள், பிரிவினைக்குப் பின் வந்த வங்காள அகதிகள், தெலுங்கர்கள், மலையாளிகள், நம்மவர்கள். தமிழைத் தாய்மொழியாகக் கொண்டோர் சுமார் 15 சதவீதம். அவர்களிலும் ஒரு பிரிவினரின் கதை நெஞ்சைப் பிசைவது. 1964இன் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தில் இலங்கைத் தோட்டங்களிலிருந்து அனுப்பப்பட்ட தமிழ்க் குடும்பங்கள் சிலவற்றை நிக்கோபாரின் கச்சால் தீவில் ரப்பர் தோட்ட வேலைக்குக் குடியமர்த்தினார்கள். 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை மிகக் கொடுமையாக அடித்த தீவுகளில் கச்சாலும் ஒன்று. அவர்களை இலங்கையிலிருந்து அனுப்பியதும், கச்சாலில் குடிவைத்ததும் எங்கோ போட்ட கையெழுத்துகள்தான்.

இனி ஆட்சி. இரண்டு இடத்திலும் சட்டப்பேரவை இல்லை. அந்தமானில் துணைநிலை ஆளுநர், லட்சத்தீவில் நிர்வாகி. பெயர்தான் வேறு, இருவரும் குடியரசுத் தலைவரால் நியமிக்கப்படுபவர்கள், உள்துறை அமைச்சகத்துக்குப் பதில் சொல்பவர்கள். மக்களவையில் தலா ஓர் இடம், மாநிலங்களவையில் ஒன்றுமில்லை. அந்த ஓர் உறுப்பினரையும் மக்களே தேர்ந்தெடுக்கும் உரிமை 1967இல்தான் வந்தது, அதுவரை நியமனம். 2024 தேர்தலில் லட்சத்தீவின் வாக்காளர்கள் 58 ஆயிரத்துக்கும் குறைவு. நம் ஸ்ரீவில்லிபுத்தூர் சட்டமன்றத் தொகுதி ஒன்றிலேயே இரண்டு லட்சத்துக்கு மேல். 'இத்தனை சிறிய ஊருக்கு எதற்குத் தனிப் பேரவை?' என்று கேட்பவர்கள் இந்தக் கணக்கைத்தான் நீட்டுவார்கள். அந்தக் கேள்விக்குப் பிறகு வருகிறேன்.

அரசமைப்புச் சட்டத்தின் 240ஆவது பிரிவை வாசகர்கள் ஒருமுறை படித்துப் பார்க்க வேண்டும். இந்தத் தீவுகளின் அமைதிக்கும் முன்னேற்றத்துக்கும் நல்லாட்சிக்கும் குடியரசுத் தலைவர் ஒழுங்குமுறை விதிகள் செய்யலாம் என்கிறது அது. அந்த விதி, தீவுக்குப் பொருந்தும் நாடாளுமன்றச் சட்டத்தையே திருத்தலாம், நீக்கலாம். சட்டத்துக்கு இணையான வலிமை அதற்கு உண்டு. குடியரசுத் தலைவர் என்றால் நடைமுறையில் மத்திய அமைச்சரவை. புதுச்சேரிக்கும் இந்தப் பிரிவு பொருந்தியதுதான். ஆனால் அங்கே பேரவை அமைந்ததும் இந்த அதிகாரம் ஒதுங்கிக்கொண்டது. தீவுகளுக்கு அந்த வாசல் திறக்கவே இல்லை.

இந்த அதிகாரம் கையில் இருந்தால் என்ன நடக்கும் என்பதை 2021இல் லட்சத்தீவு கண்டது. புதிய நிர்வாகி பொறுப்பேற்ற சில மாதங்களில் வரைவு விதிகள் வரிசையாக வந்தன. மாட்டிறைச்சிக்குத் தடை, இரண்டு குழந்தைகளுக்கு மேல் பெற்றவர் ஊராட்சித் தேர்தலில் நிற்கத் தடை, குற்றங்கள் மிகக் குறைவான தீவுகளுக்குக் குண்டர் சட்டம், எந்த நிலத்தையும் 'திட்டப் பகுதி' என்று அறிவித்து எடுத்துக்கொள்ள வழிசெய்யும் வளர்ச்சி ஆணையம். கொரோனாவின் இரண்டாம் அலை உச்சத்தில் இருந்தபோது கருத்துச் சொல்லக் கொடுத்த அவகாசம் மூன்று வாரம். மாவட்ட ஊராட்சியிடம் இருந்த கல்வி, சுகாதாரம், மீன்வளம், வேளாண்மை, கால்நடைப் பொறுப்புகள் நிர்வாகத்தின் கைக்குப் போயின. தீவு மக்கள் வீட்டு வாசலிலேயே பட்டினி இருந்து எதிர்ப்பைக் காட்டினார்கள். கேரளச் சட்டப்பேரவை அந்த மே 31 அன்று ஒருமனதாகத் தீர்மானம் போட்டது. தங்களுக்கென்று ஒரு பேரவை இல்லாததால் அண்டை மாநிலத்தின் பேரவை அவர்களுக்காகப் பேச வேண்டியதாயிற்று. அறுபதாயிரம் பேருக்கு இதைவிடப் பெரிய அவமானம் உண்டா?

பெரிய நிக்கோபாரில் நடப்பது அதைவிடக் கனமானது. கலாத்தியா விரிகுடாவில் சரக்குப் பெட்டகத் துறைமுகம், விமான நிலையம், மின்நிலையம், புதிய நகரம் என்று அறிவிக்கப்பட்டபோது சொன்ன மதிப்பு 72,000 கோடி ரூபாய். இதற்காகத் தர ஒப்புக்கொண்ட காடு 130 சதுர கிலோமீட்டர். லட்சத்தீவு முழுவதையும்போல் நான்கு மடங்கு. ஆமை இனத்திலேயே பெரியதான தோல்முதுகு ஆமை முட்டையிட வரும் கரை அது. சில நூறு பேரே எஞ்சியுள்ள ஷோம்பென் மக்களின் காடு அது. 2004 நிலநடுக்கத்தில் இந்திரா முனைப் பகுதி நான்கு மீட்டருக்கு மேல் தாழ்ந்து, கரையில் நின்ற கலங்கரை விளக்கம் நீரில் நின்றதும் அங்கேதான். வெட்டும் மழைக்காட்டுக்கு ஈடாக மரம் நட ஹரியானாவில் இடம் பார்த்தார்கள். நிக்கோபாரின் காட்டுக்கு ஹரியானாவின் கன்று ஈடு என்று சொல்ல ஒரு நிர்வாகத்துக்கு மனம் வருகிறது என்றால், அந்த நிலத்தை அது காகிதத்தில் மட்டுமே பார்த்திருக்கிறது என்று பொருள்.

அந்தத் தீவின் பழங்குடி மன்றம் 2022 ஆகஸ்டில் ஆட்சேபணை இல்லை என்று கையெழுத்திட்டது. விவரம் முழுதும் தெரிந்த பிறகு நவம்பரில் அதைத் திரும்பப் பெற்றது. சுனாமிக்கு முன் தாங்கள் வாழ்ந்த ஊர்களும் திட்டத்துக்குள் வருவது அப்போதுதான் அவர்களுக்குத் தெரிந்தது. அதே மாதம் சுற்றுச்சூழல் அனுமதி வெளியானது. நிக்கோபார் ஊர்களில் கேப்டன் என்று அழைக்கப்படும் ஊர்த்தலைவர்கள் உண்டு. அவர்கள் சொல்லுக்கு ஊர் கட்டுப்படும். தில்லியில் அந்தச் சொல்லுக்கு எடையில்லை.

நமக்கு இது தொலைதூரச் செய்தி இல்லை. ஸ்ரீவில்லிபுத்தூர் – மேகமலைப் புலிகள் காப்பகம் வந்ததும் 2021இல்தான். செண்பகத்தோப்பிலும் தாணிப்பாறையிலும் வாழும் பளியர்களுக்கும், மலையடிவாரத்தில் மாவும் தென்னையும் வைத்திருக்கும் விவசாயிகளுக்கும் காட்டுச் சட்டம் எப்படி வாசலில் வந்து நிற்கும் என்பது தெரியும். ஆனால் அவர்களுக்குப் போய்ச் சொல்ல ஓர் இடம் இருக்கிறது. கிராம சபை இருக்கிறது. சட்டமன்ற உறுப்பினரை மறிக்கலாம். பேரவையில் கேள்வி எழும். அமைச்சர் எழுந்து பதில் சொல்லியாக வேண்டும். தீர்வு கிடைக்கிறதா இல்லையா என்பது அப்புறம். பதில் சொல்ல ஒருவர் இருக்கிறார். தீவுக்காரர்களுக்கு அந்த ஒருவர் இல்லை.

மக்கள்தொகை குறைவு என்ற வாதத்துக்கு உலகமே பதில் வைத்திருக்கிறது. வட அட்லாண்டிக்கில் டென்மார்க்குக்குச் சொந்தமான பரோயே தீவுகள் பதினெட்டு. மக்கள் 54 ஆயிரத்தை ஒட்டி, லட்சத்தீவைவிடக் குறைவு. பிழைப்பு, அதே மீன். 1948 முதல் அவர்களுக்குத் தன்னாட்சி. 33 பேர் கொண்ட பேரவை மீன்பிடி உரிமையை முடிவுசெய்கிறது, வரி போடுகிறது, பள்ளி நடத்துகிறது. ராணுவமும் வெளியுறவும் டென்மார்க்கிடம். ஃபாக்லாந்து தீவுகளின் மூவாயிரத்துச் சொச்சம் பேருக்குக்கூட எட்டு உறுப்பினர் பேரவையைப் பிரிட்டன் வைத்திருக்கிறது. இத்தனைக்கும் அது 1982இல் போர் நடந்த இடம். எல்லைப் பாதுகாப்பைக் காட்டிப் பேரவையை மறுப்பது இதற்குப் பின் எடுபடாது.

பாதுகாப்பு முக்கியம் இல்லை என்று நான் சொல்லவில்லை. இந்தியாவின் தனிப் பொருளாதாரக் கடல்பரப்பில் லட்சத்தீவைச் சுற்றி நான்கு லட்சம், அந்தமானைச் சுற்றி ஆறு லட்சம் சதுர கிலோமீட்டர் கிடக்கிறது. மொத்தத்தில் ஏறக்குறையப் பாதி. முப்படைகளின் கூட்டுக் கட்டளையகம் 2001 முதல் போர்ட் பிளேரில் இருக்கிறது. அது இருக்கட்டும். 2020இல் சென்னையிலிருந்து அந்தமானுக்கும், 2024இல் கொச்சியிலிருந்து லட்சத்தீவுக்கும் கடலடிக் கம்பி போய்ச் சேர்ந்ததும் நல்ல காரியம். தீவு இளைஞர்களுக்கு நல்ல மருத்துவமனையும் வேலையும் வேண்டும். நோய் முற்றினால் ஹெலிகாப்டருக்குக் காத்திருந்து கொச்சி போகும் நிலை மாற வேண்டும். வளர்ச்சி வேண்டாம் என்று தீவில் யாரும் சொல்லவில்லை. எது வளர்ச்சி என்று தங்களைக் கேட்கச் சொல்கிறார்கள்.

ஆனால் இரண்டு தீவுக்கூட்டங்களுக்கும் ஒரே மருந்து போதும் என்று நினைப்பதும் பழைய தவறையே மறுபடி செய்வதாகும். லட்சத்தீவு ஒரே குடியின் நிலம். அங்கே பேரவை அமைத்தால் மண்ணின் மக்களே உட்காருவார்கள். நிலம், மீன், தென்னை, பள்ளி, தண்ணீர் ஆகியவற்றை அவர்களிடம் தயங்காமல் கொடுக்கலாம். அந்தமானில் வெறுமனே பேரவை வந்தால் குடியேறியவர்களின் பெரும்பான்மை பழங்குடிகளை விழுங்கிவிடும். ஜாரவா பழங்குடியினரின் காட்டின் நடுவே போகும் சாலையை மூட உச்ச நீதிமன்றம் 2002இல் சொல்லியும் வண்டிகள் ஓடிக்கொண்டிருப்பதற்கு, சாலை வேண்டும் என்று கேட்கும் குடியேறிகளின் எண்ணிக்கையும் ஒரு காரணம். அவர்களில் நம் தமிழர்களும் உண்டு என்பதால் இதைச் சொல்லும் கடமை நமக்கு அதிகம். ஆகவே அந்தமானின் குடியேற்றப் பகுதிக்குப் பேரவை. நிக்கோபாருக்கும் பழங்குடிக் காப்பகங்களுக்கும் அரசமைப்பின் ஆறாவது அட்டவணைபோன்ற தனிப் பாதுகாப்பு. பழங்குடி மன்றத்தின் ஒப்புதல் இல்லாமல் அங்கே ஒரு மரமும் சாயக் கூடாது. வடகிழக்கில் இந்த ஏற்பாடு பல பத்தாண்டுகளாக இருக்கிறது. லடாக் மக்கள் தங்களுக்கும் வேண்டும் என்று போராடுவதும் இதைத்தான்.

இதற்கெல்லாம் காலம் பிடிக்கும். உடனே செய்யக்கூடியது ஒன்று உண்டு. 240ஆவது பிரிவின்கீழ் எந்த வரைவு விதி வந்தாலும் அது தீவு மக்களின் மொழியில் வெளியிடப்பட வேண்டும். தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சிகள், பழங்குடி மன்றங்கள் முன் ஆறு மாதமாவது கிடக்க வேண்டும். அவர்கள் சொன்னதை எழுத்தில் இணைத்து நாடாளுமன்றத்தில் வைக்க வேண்டும். அரசமைப்பைத் திருத்தாமலே இதைச் செய்யலாம்.

தீவுகளுக்கென்று நாடாளுமன்றத்தில் இருப்பவர்கள் இரண்டே பேர். தமிழ்நாட்டிலிருந்து போகிறவர்கள் மக்களவையில் 39, மாநிலங்களவையில் 18. கிருஷ்ணன்கோவிலும் ராஜபாளையமும் அடங்கிய தென்காசித் தொகுதியின் உறுப்பினரோ இவர்களில் வேறொருவரோ அடுத்த கூட்டத்தொடரில் இந்த ஒரு கோரிக்கையைத் தனிநபர் மசோதாவாகக் கொண்டுவர வேண்டும். 1956 வரை சென்னையிலிருந்து ஆளப்பட்ட தீவுகளுக்கும், இன்று தமிழர் ஐம்பதாயிரம் பேருக்கு மேல் வாழும் தீவுகளுக்கும் நாம் இதைச் செய்யக் கடமைப்பட்டிருக்கிறோம்.